ஒரு தொண்டை, மூன்று பெண்கள்!

திருப்பாவையின் 15-வது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டே வரி. அந்த எட்டு வரிக்குள் ஒரு குட்டிச் சண்டையே நடந்து முடிந்துவிடுகிறது!

மார்கழிக் குளிர். வாசலில் தோழிகள். உள்ளே ஒருத்தி இன்னும் எழுந்தபாடில்லை. 'இன்னுமா தூக்கம்?' என்கிறார்கள் வெளியே இருப்பவர்கள். 'ஏன் இப்படிக் கத்துகிறீர்கள், வருகிறேன்' என்கிறாள் உள்ளே இருப்பவள். 'உன் வாய்ச் சாமர்த்தியம் எங்களுக்குத் தெரியாதா' என்று இவர்கள். 'நீங்கள்தான் சாமர்த்தியசாலிகள், நான்தான் ஒன்றும் தெரியாதவள், போதுமா?' என்று அவள். 'எல்லோரும் வந்தாச்சா?' என்று ஒரு கேள்வி. 'வந்தாச்சு, நீயே வெளியே வந்து எண்ணிக்கொள்' என்று பதில். இப்படிப் போகிறது பேச்சு.

விஷயம் என்னவென்றால், யார் எந்த வரியைச் சொல்கிறார்கள் என்று பாட்டில் எங்கேயும் குறிப்பு கிடையாது. 'தோழி', 'வீட்டுக்காரி' என்று ஓரத்தில் எழுதி வைக்கவில்லை ஆண்டாள். பாடுகிறவர்தான் தன் குரலால் பிரித்துக் காட்ட வேண்டும். ஒரே தொண்டையிலிருந்து வாசலுக்கு வெளியே ஒரு குரல், உள்ளே ஒரு குரல்.

இன்றைக்கு ஒரு டப்பிங் ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்தால் இதே வேலைதான் நடந்துகொண்டிருக்கும். கண்ணாடி அறை, மைக், எதிரே திரையில் ஒரு காட்டுப்பன்றி. மைக் முன்னால் நிற்கும் மனிதர் அந்தப் பன்றிக்குத் தமிழ் கொடுத்துக்கொண்டிருப்பார். குடும்பத்தோடு போய்ப் பார்க்கிற அனிமேஷன் படங்களில் சிங்கமும் மீனும் பொம்மையும் பேசுகின்றனவே, அந்தப் பேச்சுக்கென்று ஒரு சரித்திரம் உண்டு. அது ஹாலிவுட்டில்தான் ஆரம்பித்தது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கொஞ்சம் தெற்கே போய்ப் பார்க்கலாம், வாருங்கள். விருதுநகர் மாவட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டு: ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம். நடுவே சுமார் 12 கிலோமீட்டர்.

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் சட்டென்று நினைவுக்கு வருவது 11 நிலைக் கோபுரம். தமிழக அரசின் முத்திரையில் இருக்கிற கோபுரம் அது. அப்புறம் பால்கோவா. 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது. ராஜபாளையம் என்றதும் நாய்! கவலைப்படாதீர்கள், இந்தக் கட்டுரையில் அது குரைக்காது. இரண்டு ஊர்களுக்கும் இன்னொரு பெருமை உண்டு. குரலைப் பற்றியது. அதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை.

ஆண்டாள் கோயிலில் அரையர் சேவை என்று ஒன்று நடக்கிறது. தமிழ்நாட்டில் இன்றைக்கு இந்தக் கலை உயிரோடு இருப்பது மூன்றே கோயில்களில்: ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர். கர்நாடகத்தில் மேல்கோட்டையிலும் உண்டு. நாலாயிரம் பாசுரங்களையும் தேடிச் சேர்த்த நாதமுனிகள், தம் மருமகன்கள் இருவருக்கு அவற்றை இசையோடு கற்றுக்கொடுத்தார். அவர்கள் வழியாக வந்தது இது என்பது வைணவ மரபு. மருமகன்களின் பெயர்கள் மேலையகத்தாழ்வான், கீழையகத்தாழ்வான். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துச் சொத்து.

அரையர் எப்படி இருப்பார்? தலையில் கூம்பு வடிவில் உயரமான குல்லாய், காதை மூடித் தொங்கும் பட்டைகளோடு. கழுத்தில் மாலை. கையில் தாளம். அவ்வளவுதான். ஒப்பனை கிடையாது, திரை கிடையாது, பக்கத்தில் வேறு நடிகர் கிடையாது. பாசுரத்தைப் பாடுவார். பிறகு கையாலும் முகத்தாலும் அபிநயம் பிடிப்பார். அதற்கப்புறம் 'தம்பிரான்படி' என்ற பழைய உரையை மனப்பாடமாகச் சொல்வார். பாட்டு, நடிப்பு, பேச்சு என்று மூன்றும் ஒரே ஆள்.

இந்தச் சேவையின் உச்சம் 'முத்துக்குறி'. திருமங்கையாழ்வாரின் திருநெடுந்தாண்டகத்தை வைத்து அமைந்தது. ஒரு பெண்ணுக்குப் பெருமாள் மேல் காதல். சாப்பாடு இல்லை, தூக்கம் இல்லை. அம்மாவுக்குக் கவலை. மகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரிந்துகொள்ள, குறி சொல்லும் கட்டுவிச்சியைக் கூப்பிடுகிறாள். கட்டுவிச்சி முத்துக்களைப் பரப்பி, எண்ணி, 'இது யார் செய்த வேலை' என்று கண்டுபிடித்துச் சொல்கிறாள். தாய், மகள், குறிகாரி... மூன்று பெண்கள். மூவரும் அந்தக் குல்லாய் போட்ட ஒரே ஆண்தான்!

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்திக் கவனிக்க வேண்டும். அரையர் சேலை கட்டிக்கொள்வதில்லை. அம்மாவாகும்போதும் அதே குல்லாய், மகளாகும்போதும் அதே குல்லாய். பெண்ணாக மாறி நம்மை ஏமாற்றுவது அவர் நோக்கமே இல்லை. அந்தப் பெண் சொன்னதை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. ஆள் மாறியதைப் பாட்டின் போக்கும், சொல்லும், கையும் சொல்லிவிடுகின்றன. நமக்குத் தெரிகிறது, எதிரே நிற்பவர் ஓர் ஆண், ஊர்க்காரர், பழக்கமானவர் என்று. இருந்தும் தாயின் கவலை நமக்குத் தாயின் கவலையாகவே வந்து சேர்கிறது. எப்படி என்று யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

இதற்கு விதை போட்டவரும் அதே ஊர்க்காரர்தான். பெரியாழ்வார், ஆண்டாளை வளர்த்த அப்பா. கண்ணனைக் குளிக்கக் கூப்பிட்டு, பூச்சூட்ட வரச்சொல்லி, நிலாவைக் காட்டிச் சோறூட்டும் யசோதையாக நின்று பாடினார். நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், ஆயர்பாடி அம்மாவின் குரலில் பேசுகிறார்! பிள்ளைத்தமிழ் என்ற இலக்கிய வகைக்கே இதுதான் முன்னோடி என்பார்கள்.

குரல் கடன் கொடுப்பதும் வாங்குவதும் இந்த ஊர் மண்ணில் அப்படி ஊறிப்போயிருக்கிறது. ஆண்டாள் கையில் ஒரு கிளி இருக்கிறதே, அதைக்கூட ஒரு நாள்தான் வைத்துக்கொள்வாள். மரவள்ளி இலை, மாதுளம்பூ மூக்கு என்று தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். அடுத்தவர் சொன்னதைத் தன் தொண்டையில் திருப்பிச் சொல்லும் ஒரு பறவையைத்தான் அவளுக்குத் துணையாக வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும் எனக்கு. தோன்றுவதுதான், சாஸ்திர ஆதாரம் கேட்காதீர்கள்.

இப்போது ராஜபாளையம் பக்கம் வண்டியைத் திருப்புவோம்.

1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், கலிங்கப் படையெடுப்பின்போது கிருஷ்ணா நதிக்கரையில் ஸ்ரீகாகுளம் என்ற ஊரில் தங்குகிறார். கனவில் ஆந்திர மகாவிஷ்ணு வந்து ஆண்டாளின் கதையைத் தெலுங்கில் பாடச் சொன்னாராம். ராஜா எழுதியதுதான் 'ஆமுக்த மால்யதா'. சூடிக்கொடுத்தவள் என்று அர்த்தம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் தெலுங்கு பேசக் கற்றுக்கொடுத்தவர் ஒரு சக்கரவர்த்தி! டப்பிங் உரிமைக்கு அவர் கனவிலேயே அனுமதி வாங்கிக்கொண்டார் என்று சொல்லலாம்.

வேடிக்கை என்னவென்றால், அந்த விஜயநகர, நாயக்கர் காலங்களில் ஆந்திரப் பக்கத்திலிருந்து தெற்கே வந்த ராஜுக்கள், ஆண்டாள் கோயிலுக்கு 12 கிலோமீட்டர் தள்ளித்தான் குடியமர்ந்தார்கள். அதுதான் ராஜபாளையம். 1949 முதல் 1952 வரை சென்னை ராஜதானியின் முதலமைச்சராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா அந்த ஊர்க்காரர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்துவிட்டவர். வீட்டுக்குள் தெலுங்கு, படி இறங்கினால் தமிழ் என்று நூற்றாண்டுகளாக வாழ்கிறது அந்தச் சமூகம். பாட்டி தெலுங்கில் ஆரம்பிக்கிற கதையைப் பேரன் தெருவில் தமிழில் முடிப்பான். இப்படிப்பட்ட வீடுகளில் 'மொழிமாற்றம்' என்பது ஒரு தொழில் அல்ல, மூச்சு விடுகிற மாதிரி.

ஊரின் பக்கத்தில் சஞ்சீவி மலை என்று ஒரு குன்று நிற்கிறது. அனுமார் தூக்கிக்கொண்டு போன மலையோடு சேர்த்துக் கதை சொல்வார்கள். பேசும் குரங்கு, பறக்கும் மலை! அனிமேஷன் படத்துக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் படத்தைத்தான் நம் தெற்குச் சீமை கரண்ட் வருவதற்கு முன்பே பார்த்துவிட்டது. தோல்பாவைக்கூத்தில்.

வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டினால் திரை. பின்னால் ஒரு விளக்கு. ஆட்டுத்தோலைப் பதப்படுத்தி, துளையிட்டு, சாயம் தீட்டிச் செய்த உருவங்கள். திரைமேல் ஒட்டி வைத்து அசைத்தால், இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிற நமக்கு வண்ண நிழலாக ராமனும் சீதையும் நடப்பார்கள். மதுரை, நெல்லை, குமரி என்று தென்மாவட்டங்களில் ஊர் ஊராகக் கொட்டகை போட்டு இதை நடத்தியவர்கள் மண்டிகர் என்ற மராட்டி பேசும் மக்கள். தஞ்சையில் மராட்டியர் ஆண்ட காலத்தை ஒட்டித் தமிழகம் வந்தவர்கள் என்கிறார்கள். இந்தக் கலையைப் பற்றி விரிவாக எழுதியவர் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா.பெருமாள். வீட்டில் மராட்டி, கொட்டகையில் தமிழ்! ராமனுக்குத் தமிழ்க் குரல் கொடுத்தவரின் தாய்மொழி தமிழ் இல்லை. இது ஒன்றே போதும், இந்தத் தொழிலின் அழகைச் சொல்ல.

'சரி, நிழலாட்டத்தை அனிமேஷன் என்று சொல்வது கொஞ்சம் அதிகமில்லையா?' என்று கேட்கலாம். இல்லை. இன்று நம் கைக்குக் கிடைக்கிற முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது, ஜெர்மனியில் லோட்டே ரைனிகர் என்ற பெண்மணி எடுத்து 1926-ல் வெளியான 'இளவரசர் அக்மத்தின் சாகசங்கள்'. முழுக்க முழுக்க வெட்டி எடுத்த நிழல் உருவங்கள்தான். கீழே விளக்கு, மேலே கேமரா. நம் கூத்துக்காரர் செய்ததைத்தான் அந்த அம்மாள் ஃபிலிமில் செய்தார். ஒரு வித்தியாசம், அது மௌனப்படம். நம்முடையது பேசும்படம்!

பேச்சு என்றால் சாதாரணப் பேச்சா? ராமாயணத்தைப் பத்து நாள் ராத்திரி நடத்துவார்கள். மத்தளம், ஆர்மோனியம், பாட்டு என்று உதவிக்குக் குடும்பத்து ஆட்கள் உண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் பாவைகளை ஆட்டுகிற தலைமைக் கலைஞர்தான் பாத்திரங்களுக்கும் பேசுவார். ராமனுக்கு நிதானம். ராவணனுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல். சீதைக்குக் குழைவு. அனுமாருக்குத் துள்ளல். கையில் இரண்டு பாவை, வாயில் இரண்டு குரல். ஒன்றின் கை அசையும்போது அதன் குரல் வர வேண்டும். தப்பினால் ராவணன் சீதை குரலில் பேசிவிடுவான், கொட்டகை சிரித்துவிடும்.

அரையரின் வழிக்கு நேர் எதிர் வழி இது. அரையர் உங்கள் கண் முன்னால் நிற்கிறார், அதனால் குரலை ஒளித்துக்கொள்ளத் தேவையில்லை. பாவைக்கூத்துக்காரர் திரைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார், அதனால் குரல்தான் அவருக்கு முகம், உடை, நகை எல்லாம். உலகத்தில் எந்த அனிமேஷன் படத்தை எடுத்துக்கொண்டாலும் குரல் கொடுப்பவர்கள் இந்த இரண்டில் ஒரு கட்சியில்தான் இருப்பார்கள் என்பது என் கட்சி.

பாவைக்கூத்தில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. நடுநடுவே இரண்டு கோமாளிகள் வருவார்கள். உச்சிக்குடும்பன், உளுவத்தலையன். பெயரைக் கேட்டாலே சிரிப்பு வருகிறதா? இவர்களுக்கு ராமாயணத்தில் ஒரு வேலையும் இல்லை. ஆனாலும் இவர்கள் வராவிட்டால் கூட்டம் எழுந்துபோய்விடும். ராமன் பேசுவது வசனத் தமிழ். இவர்கள் பேசுவது தெருத் தமிழ். ராஜாக்கள் 'யாது செய்வேன்' என்று கலங்கும்போது, இவர்கள் 'எல, என்னல ஆச்சு' என்கிற தினுசில் நுழைவார்கள். உள்ளூர் சமாசாரம், கடன், பசி, பெண்டாட்டி எல்லாம் இவர்கள் வாயில்தான். அயோத்தி எங்கோ இருக்கிறது. இந்த இரண்டு பேர் மட்டும் நம்ம ஊர்.

சாமிக்கும் ராஜாவுக்கும் ஒரு தமிழ், கோமாளிக்கு நம் தமிழ். இந்தப் பாகப்பிரிவினையை மனதில் ஒரு ஓரமாக வையுங்கள். அமெரிக்கா போய்விட்டு வந்து எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்காவில் மிக்கி மவுசுக்கு ஆரம்பத்தில் குரல் கொடுத்தது அதைப் படைத்த வால்ட் டிஸ்னியேதான். 1940-களின் நடுப்பகுதிவரை அந்தக் கீச்சுக்குரல் முதலாளியுடையது! முதலாளி பேசினால் பிரச்னை இல்லை. அடுத்தவர் பேசினால்? 1937-ல் டிஸ்னியின் முதல் முழுநீளப் படம் 'ஸ்னோ ஒயிட்' வந்தது. உலகமே அந்தப் பெண்ணின் குரலில் மயங்கியது. குரலுக்குச் சொந்தக்காரர் அட்ரியானா காஸலாட்டி என்ற இளம் பாடகி. படத்தில் அவர் பெயர் எங்கேயும் கிடையாது. ஸ்னோ ஒயிட் நிஜமாகவே இருக்கிறாள், அவளே பேசுகிறாள் என்று ஜனங்கள் நம்ப வேண்டுமாம்! அப்புறம் அவருக்குச் சினிமாவில் பெரிதாக எதுவும் அமையவில்லை.

இந்தக் கதையில் ஜெயித்தவர் மெல் பிளாங்க். பக்ஸ் பன்னி முயல், டாஃபி டக் வாத்து, போர்க்கி பிக் பன்றி என்று வார்னர் பிரதர்ஸ் கார்ட்டூன் உலகத்துக்கே ஏறக்குறைய ஒரே தொண்டை. நம் கூத்துக்காரரின் அமெரிக்கப் பங்காளி! சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். தயாரிப்பாளர் மறுத்தார். 'சரி, பெயரையாவது போடுங்கள்' என்றார் பிளாங்க். 1940-களில் அப்படித்தான் 'குரல்: மெல் பிளாங்க்' என்று திரையில் வர ஆரம்பித்தது. பணத்துக்குப் பதிலாகப் பெயர். நஷ்டம் என்று நினைக்காதீர்கள். பெயர் தெரிந்ததால்தான் வானொலிக்காரர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

1961 ஜனவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் பெரிய கார் விபத்து. பிளாங்க் நினைவிழந்து கிடந்தார், நாள் கணக்கில். பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அசைவில்லை. ஒரு டாக்டர் என்ன நினைத்தாரோ, 'பக்ஸ் பன்னி, எப்படி இருக்கே?' என்று கேட்டாராம். கட்டுகளுக்குள்ளிருந்து மெலிதாக முயல் பதில் சொன்னது! பிளாங்க் வருவதற்கு முன்னால் பக்ஸ் பன்னி திரும்பி வந்துவிட்டான். குரல் மனிதனுக்குள் எந்த ஆழத்தில் குடியிருக்கிறது பாருங்கள்.

1992-ல் 'அலாவுதீன்' வந்தது. பூதத்துக்குக் குரல் ராபின் வில்லியம்ஸ். மைக் முன்னால் அவர் மனம்போனபடி பேசித் தள்ள, அதற்கேற்றபடி படம் வரைந்தார்கள். அமெரிக்க முறையே இதுதான்: முதலில் குரல், அப்புறம் படம். ராபின் வில்லியம்ஸின் வெற்றிக்குப் பிறகு ஸ்டூடியோக்கள் பெரிய நட்சத்திரங்களைத் தேட ஆரம்பித்தன. 1995-ல் 'டாய் ஸ்டோரி'யில் டாம் ஹாங்க்ஸ். பொம்மை பேசும்போது 'இது டாம் ஹாங்க்ஸ்' என்று நமக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தானே காசு! யோசித்தால் இது அரையர் கட்சி. வேஷத்துக்குள்ளிருந்து ஆள் தெரிகிறார். ஆனால் ஒன்று, அரையர் தன்னை விற்கவில்லை.

டப்பிங்கில் எல்லாம் தலைகீழ். படம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. சிங்கத்தின் வாய் இங்கிலீஷுக்குத் திறந்து மூடுகிறது. அந்த அசைவுக்குள் தமிழைப் போட்டு அடைக்க வேண்டும். உதடு ஒட்டும் இடத்தில் ப, ம வந்தால் நல்லது. வசனம் எழுதுபவருக்கு மண்டை காய்ந்துவிடும். நம் கூத்துக்காரருக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை. குரலும் படமும் ஒரே மனிதரிடமிருந்து ஒரே நொடியில் புறப்பட்டன.

தமிழ் சினிமாவுக்கு டப்பிங் ஒன்றும் புதிதல்ல. 1940-களிலேயே ஏவி.மெய்யப்பச் செட்டியார் கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்துவிட்டார். நம் ஜனங்கள் படத்தைக் காதால் பார்த்தவர்களும்கூட. ஞாயிற்றுக்கிழமை ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு முழுப் படத்தையும் மனசுக்குள் ஓட்டியவர்கள், கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' வசனம் கேட்டு தருமியோடு சேர்ந்து புலம்பியவர்கள். இப்படிப்பட்ட காதுகளுக்குக் கார்ட்டூன் தமிழ் வந்து சேர்ந்தது தொலைக்காட்சி வழியாக. 2007-ல் சுட்டி டி.வி. ஆரம்பித்ததும் ஜாக்கி சானும் டோராவும் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து தமிழ் பேசினார்கள். அந்தக் குரல்களோடு வளர்ந்தவர்கள் இன்று கல்யாணமாகிக் குழந்தை பெற்றுவிட்டார்கள். குரலைக் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்வார்கள். குரல் கொடுத்தவர் பெயர் கேட்டால்? முழிப்பார்கள்.

2019-ல் 'தி லயன் கிங்' தமிழில் வந்தபோது நிலைமை மாறியிருந்தது. சிம்பாவுக்கு சித்தார்த், வில்லன் ஸ்காருக்கு அரவிந்த்சாமி, ஜாஜு பறவைக்கு மனோபாலா என்று போஸ்டரிலேயே பெயர் போட்டார்கள். கீரிப்பிள்ளை இனத்து டைமோனுக்கு சிங்கம்புலி. கூடவே திரியும் காட்டுப்பன்றி பும்பாவுக்கு ரோபோ சங்கர். தியேட்டரில் குழந்தைகள் யாருக்குச் சிரித்தார்கள் என்று சொல்லவா வேண்டும்?

சிங்கங்கள் எல்லாம் ராஜ வம்சம், ஓரளவு திருத்தமான தமிழ். இந்த இரண்டு பேர் மட்டும் கதைக்கு வெளியே இருந்து வந்தவர்கள் மாதிரி, சாப்பாட்டைப் பற்றியே பேசிக்கொண்டு, தெருத்தமிழில். அட, இவர்களை எங்கேயோ பார்த்திருக்கிறோமே! வெள்ளை வேட்டித் திரை, ஆட்டுத்தோல் நிழல்... உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் பெயரை மாற்றிக்கொண்டு ஆப்பிரிக்கக் காட்டுக்குள் வந்து நிற்கிறார்கள். டிஸ்னி கம்பெனிக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தமிழில் வசனம் எழுதியவருக்கும் பேசியவர்களுக்கும் ரத்தத்தில் தெரிந்திருந்தது. ரோபோ சங்கர் மதுரைக்காரர், மேடை மிமிக்ரியில் வளர்ந்தவர். பாத்திரத்துக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது என்பதில்தான் நம் ஊர் டப்பிங்கின் பாதி உயிர் இருக்கிறது. குரலை மாற்றுவது அப்புறம்தான். கிரீடம் வைத்தவனுக்கு ஊர்ப் பேச்சைக் கொடுத்துப் பாருங்கள், படம் படுத்துவிடும். கோமாளிக்குச் செந்தமிழ் கொடுத்தாலும் அதே கதி.

2024 டிசம்பரில் வந்த 'முஃபாசா'விலும் அதே ஜோடி, அதே கலாட்டா. மறுவருஷம் செப்டம்பரில் ரோபோ சங்கர் காலமானார். மனோபாலா 2023-லேயே போய்விட்டார்.

அடுத்த பும்பாவுக்கு யார் பேசுவார்கள்? சில வருஷத்துக்கு முன்னால் இது ஒரு சாதாரணக் கேள்வி. வேறொருவரைத் தேடுவார்கள், அவ்வளவுதான். இன்று அப்படி இல்லை. 2024-ல் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யாவின் குரலையும் ஷாகுல் ஹமீதின் குரலையும் செயற்கை நுண்ணறிவு கொண்டு திரும்பக் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்து. அதே வருஷம் 'கோட்' படத்தில் மறைந்த பவதாரிணியின் குரல் அதே வழியில் பாடியது. இவர்களெல்லாம் பெயர் தெரிந்தவர்கள். வீட்டுக்கதவைத் தட்டி அனுமதி கேட்க ஒரு விலாசம் இருந்தது. 2023-ல் ஹாலிவுட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்கள் சண்டைபோட்ட விஷயங்களில் இதுவும் ஒன்று: என் முகத்தையும் குரலையும் நகல் எடுப்பதென்றால் என்னைக் கேள், காசு கொடு.

பெயர் தெரியாத குரலுக்கு யாரிடம் அனுமதி கேட்பது? ஸ்னோ ஒயிட் பாடகிக்கு நடந்தது பழைய கதை என்று தள்ள முடியவில்லை. நம் வீட்டு டி.வி-யில் ஆயிரக்கணக்கான மணிநேரம் தமிழ் பேசிய எத்தனையோ பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். அவர்கள் பேசியது எல்லாம் எங்கேயோ பதிவாகிக் கிடக்கிறது. மெஷினுக்குப் பாடம் நடத்த அது போதும்.

அரையர் விஷயத்தில் இந்தச் சிக்கல் வேறு மாதிரி. அங்கே குரல் ஒரு குடும்பத்துக்குள் அப்பாவிடமிருந்து பிள்ளைக்குக் காதோடு இறங்குகிறது. யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று மரபு நாதமுனிகள்வரை வரிசை சொல்லும். நகல் எடுக்கிறார்கள்தான், ஆனால் ஒவ்வொரு நகலுக்கும் பெயர் உண்டு. மிச்சமிருப்பவர்கள் கைவிட்டு எண்ணக்கூடிய சில குடும்பத்தினர்தான். பிள்ளைகள் படித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகிறார்கள். போகாதே என்று யார் சொல்ல முடியும்? பாவைக்கூத்துக் குடும்பங்களிலும் அதே கதை, அங்கே கோயில் மானியம்கூடக் கிடையாது. அந்தக் கலைஞர்களில் பெயர் எழுதி வைக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், அதுவும் ஒரு சில ஆய்வாளர்கள் தேடிப்போய்க் கேட்டதால்.

இப்போதெல்லாம் ஓ.டி.டி-யில் டிஸ்னி படங்கள் முடிந்ததும், இங்கிலீஷ் பெயர்ப் பட்டியல் எல்லாம் ஓடித் தீர்ந்த பிறகு, கடைசியில் ஒரு கார்டு வருகிறது. ஒவ்வொரு மொழியிலும் யார் எந்தப் பாத்திரத்துக்குப் பேசினார்கள், வசனம் யார், டப்பிங் எந்த ஸ்டூடியோ என்று. தமிழும் அதில் இருக்கும். பட்டியல் ஆரம்பித்த ஐந்தாவது நொடியிலேயே திரையின் ஓரத்தில் 'அடுத்த படம்' என்று ஒரு சின்னப் பெட்டி முளைத்துவிடுகிறது. அதைத் தள்ளிவிட்டு, பத்து நிமிஷம் பொறுமையாக உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர்களைப் படிக்கலாம்.